மகளுக்காக மலையேறும் அம்மாக்கள்!

திருச்சி மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையாரைப் பார்க்கும் அவசரத்தில், வழியில் இருக்கும் தாயுமானவர் சன்னதியில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே போய்விடுபவர்கள் அதிகம். ஆனால், வாழைத்தாரோடு வருபவர்களுக்கு மலையே அங்கேதான் முடிகிறது. சுகப்பிரசவத்துக்காக வேண்டிக்கொண்டு செலுத்தும் காணிக்கை அது. நிறைமாத மகளால் இத்தனை படி ஏற முடியாது. அவளுக்காக அம்மா ஏறுகிறார்.

பூம்புகாரில் பிறந்து திருச்சியில் வாழ்க்கைப்பட்டவள் ரத்னாவதி என்கிறது தலபுராணம். தலைப்பிரசவத்துக்குப் புறப்பட்டு வந்த அம்மாவைக் காவிரி வெள்ளம் அக்கரையிலேயே நிறுத்திவிட்டது. இக்கரையில் மகளுக்கு வலி வந்துவிட்டது. அவள் கதற, சிவனே அம்மாவின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வந்து நின்றபோது, வீட்டில் இரண்டு அம்மா! அதில் ஒருவர் மறைந்துபோனார். சித்திரைத் திருவிழாவில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்ற பெயரில் இது இன்றும் நடத்திக்காட்டப்படுகிறது.

கடவுள் நினைத்திருந்தால் வெள்ளத்தை வடியவைத்திருக்கலாம். வலியே இல்லாமல் செய்திருக்கலாம். கதையில் அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அப்படிப் பக்கத்தில் இருப்பதையே வேலையாகச் செய்பவர்களுக்கு இன்று 'டூலா' என்று பெயர். பணிப்பெண் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. டூலா ஊசி போடுவதில்லை, பிரசவமும் பார்ப்பதில்லை. வலி ஏறும்போது உள்ளங்கையின் அடிப்பாகத்தை இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில் வைத்து அழுத்திப் பிடிப்பார்; வலி இறங்கியதும் விடுவார். இடைவெளியில் இரண்டு வாய் தண்ணீர். கொஞ்ச தூரம் நடை. 'வாயைத் தளர்த்தி, மூச்சை நீளமா விடும்மா' என்று காதருகில் ஒரு குரல். நம் பாட்டிகளுக்கு இதெல்லாம் புதிதே அல்ல.

இது வெறும் ஆறுதல்தான் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 15,000-க்கும் அதிகமான பெண்கள் பங்கேற்ற 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது, 2017-ல் வெளியான காக்ரேன் அறிக்கை. வலி நேரம் முழுக்க ஒருவர் துணையாக இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவ வாய்ப்பு கூடியது, சிசேரியன் குறைந்தது, வலி நேரமும் சற்றே சுருங்கியது.

நகரங்களில் டூலாவுக்குப் பணம் கொடுக்க வேண்டும். தமிழக அரசு மருத்துவமனைகளிலோ, பிரசவ அறைக்குள் ஓர் உறவுப் பெண் துணைக்கு இருக்கும் திட்டம் 2004-லேயே வந்துவிட்டது. அவர் ஏற்கெனவே பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும், தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடையில் வர வேண்டும், டாக்டர், நர்ஸ் வேலையில் குறுக்கிடக் கூடாது. அவ்வளவுதான். இது தெரியாமல், ஃபிளாஸ்க்கும் கையுமாக வராந்தாவிலேயே நின்றுவிடும் அம்மாக்கள் இருக்கிறார்கள். வலி வந்த பிறகு வாசலில் நின்று கேட்பதைவிட, மாதாந்திர செக்கப்பின்போதே 'உள்ளே யார் வரலாம்?' என்று கேட்டுவைப்பது நல்லது.

மலைக்கோட்டைக்கு சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். உச்சி வரை 400-க்கும் மேற்பட்ட படிகள். மூட்டு வலி உள்ள அம்மாக்கள் வெயிலுக்கு முன்பே ஏறிவிடுவது நல்லது. நிறைமாதக்காரர்களுக்கு அடிவாரத்து மாணிக்க விநாயகரே போதும்.