ஆர்க்கிடெக்ட் தேடிய படலம்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டலை. காரணம் வீடு. அவிநாசியில தாத்தா காலத்து ஓட்டு வீட்டை இடிச்சுட்டு, அதே நாலு செண்டுல புதுசா கட்டலாம்னு இறங்கியிருக்கோம். பத்தொன்பது வருஷம் பவர்டேபிள் யூனிட் நடத்திச் சேர்த்த காசு. தப்பாப் போனா திருத்தறதுக்கு இன்னொரு பத்தொன்பது வருஷம் கையில இல்லை :-)

சரி, மேட்டருக்கு வருவோம். நம்மூர்ல வீடுன்னா முதல்ல மேஸ்திரி, அடுத்து வாஸ்து, கடைசியிலதான் பிளான். 2024 ஜூலையில அரசு சுயசான்று திட்டம் கொண்டு வந்தாச்சு. 2500 சதுரடிக்குள்ள மனை, 3500 சதுரடிக்குள்ள வீடுன்னா ஆன்லைன்லயே உடனே அனுமதி. அப்புறம் ஆர்க்கிடெக்ட்டுக்கு எதுக்குத் தண்டம்னுதான் நானும் நினைச்சேன். அனுமதிக்குக் கொடுக்கிற வரைபடம் வேற, குடியிருக்கிறதுக்கு வரையற வரைபடம் வேறன்னு அப்ப உறைக்கலை.

முதல்ல வந்தவர் லேப்டாப்பைத் திறந்து எலிவேஷன் காட்டினார். முன்னாடி பூராவும் கண்ணாடி, ராத்திரியில நீலக்கலர் லைட்டு. தங்கமணி கண்ணுல பல்பு எரிஞ்சுது. "கட்டுற வேலையும் எங்களுக்கே கொடுத்தா டிசைன் ஃப்ரீங்க"ன்னார். நானும் தலையாட்டிட்டேன். வரையறவரும் கட்டுறவரும் ஒரே ஆளா இருந்தா, கம்பி குறைஞ்சா யாருகிட்டப் போய்ச் சொல்றதுன்னு அன்னிக்கு ராத்திரிதான் யோசிச்சேன்.

ரெண்டாமவர் சொந்தக்காரர் சொன்ன ஆள். பத்தே நிமிஷத்துல பிளான் ரெடி. பக்கத்து லேஅவுட்டுல கட்டினதே தான், பேர் மட்டும் மாத்தியிருந்தார்.

ரெண்டு பிளானையும் அம்மாகிட்டக் காட்டினேன். "எனக்கென்ன கண்ணு, ஒரு மூலை இருந்தாப் போதும்"னாங்க. அதுக்கப்புறம் வீட்டுப் பேச்சையே எடுக்கலை. எனக்கு என்னமோ உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

மூணாவதா ஒரு பொண்ணு, முப்பது வயசுக்குள்ள இருக்கும். பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட். (1972ஆம் வருஷச் சட்டப்படி கட்டடக்கலை கவுன்சில்ல பதிவு செஞ்சவங்க மட்டும்தான் அந்தப் பேரைப் போட்டுக்கலாம். நம்பரைத் தாராளமாக் கேளுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க.) படம் எதுவும் காட்டலை. கையில டேப்பும் நோட்டும் மட்டும்தான்.

அம்மாகிட்டப் போய், "ஏனுங்கம்மா, பகல்ல எங்க உக்காருவீங்க?"ன்னு கேட்டுச்சு.

"இதென்ன கேள்வி கண்ணு, திண்ணையிலதான்."

மூட்டு வலி வந்த பின்னாடி அம்மா திண்ணையை விட்டு நகர்றதில்லை. பிசிறு வெட்டிக்கிட்டே போறவங்க வர்றவங்ககிட்டப் பேசுவாங்க. அவங்க உலகமே அந்த ஆறடிதான். ரெண்டு பிளானையும் எடுத்துப் பார்த்தேன். திண்ணை இருந்த இடத்துல கார் நின்னுச்சு. எங்ககிட்ட காரே இல்லை!

அந்தப் பொண்ணு திண்ணை உயரத்தை அளந்துச்சு. அம்மா எந்திரிக்கும்போது எதைப் பிடிக்கிறாங்கன்னு பார்த்துச்சு. அப்புறம் காத்தைப் பத்திக் கேட்டுச்சு. பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆனி, ஆடியில வீசற மேக்காத்துதான் நமக்கு ஏசி. ஆனா சாயங்கால வெயிலும் அதே மேக்காலதான் அடிக்கும். அதனால மேக்குப் பக்கம் காத்தை விட்டு வெயிலைத் தடுக்கிற ஓட்டைச் சுவர்னு வரைஞ்சிருக்கு. லாரி பேக்கர் கேரளாவுல நிறையக் கட்டினாரே, அந்த ஜாதி. பழைய வாசக்காலையும் கதவையும் புது வீட்டுலயே வச்சுக்கலாமாம். பேக்கரும் இடிச்ச வீட்டு மரத்தை வீணாக்காதவர்.

ஃபீஸ் கேட்டதும் பகீர்னுச்சு. இலவசம்னு சொன்னவரை மனசு ஒருமுறை நினைச்சுது, பொய் சொல்லலை. ஆனா அந்தக் காசுக்கு வரைபடம் மட்டும் இல்லை, கம்பி கட்டறப்பவும் காங்கிரீட் போடறப்பவும் வந்து நம்ம பக்கம் நின்னு பார்ப்பாங்க. கம்பிக் கணக்குக்குத் தனியா இன்ஜினியர் உண்டு. நீலக்கலர் லைட்டை வெட்டினேன், ஃபீஸ்ல பாதி தேறிடுச்சு. தங்கமணி ரெண்டு நாள் பேசலை.

புது வரைபடத்தை அம்மா மடியில விரிச்சேன். எழுத்துக்கூட்டிப் படிச்சு, ஒரு இடத்துல விரலை வச்சாங்க. "இது திண்ணையா தம்பி? இன்னும் ஒரு சாண் அகலம் வேணும்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லு."

சொல்லிட்டேன். தை பிறந்ததும் பூமி பூஜை.

டிஸ்கி: நீங்களும் கட்டறதா இருந்தா, எலிவேஷன் பார்க்கறதுக்கு முன்னாடி, வர்றவங்க வீட்டுல யாரைப் பார்த்து முதல் கேள்வி கேக்கறாங்கன்னு கவனிங்க.