மேட்டுக்கு மரம், ஊத்துக்கு வசம்பு

ஏற்காட்டில் கரடியூர்ப் பக்கம் ஒரு ஏக்கர் நிலம் என்றால் அதில் சமதரை அரிது. மேல்பகுதி சரளையும் பாறையுமாகக் காய்ந்து கிடக்கும். அதே நிலத்தின் அடியில் கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும். புதிதாக இடம் வாங்கி வீடு கட்டுகிறவர்கள், நிழல் மரம் நல்லதா, ஈரத்தில் வளரும் செடி நல்லதா என்று விசாரிக்கிறார்கள். செடியை முடிவு செய்துகொண்டு அதற்கு இடம் தேடினால் செடிதான் சாகும். முதலில் நிலத்தை மேலிருந்து கீழே ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும், அதுவும் மழைக்காலத்தில்.

*

ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். சில மணி நேரத்தில் வடிந்துவிட்டால் மரம் வைக்கலாம். மறுநாளும் தண்ணீர் நின்றால் அங்கே மரக்கன்று வேண்டாம். மார்ச்சில் இந்தச் சோதனையைச் செய்து பயனில்லை. ஐப்பசியில் செய்யுங்கள்.

*

வேருக்கும் மூச்சு வேண்டும். மண் துகள்களின் இடுக்கில் இருக்கும் காற்றைத்தான் மர வேர் எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் தேங்கினால் அந்த இடுக்கெல்லாம் நிரம்பி, வேர் மூச்சு முட்டி அழுகுகிறது. காப்பிச் செடிக்கும் இதே கதி. சதுப்பில் பிறந்த செடிக்கு இந்தத் தொல்லை இல்லை. வசம்பின் கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே பஞ்சுபோல் காற்றறைகள் தெரியும். இலை வாங்கும் காற்று அந்த வழியாகவே வேர் வரை இறங்குகிறது. இந்த ஒரு ஏற்பாடு இருப்பதால்தான் மரம் அழுகுகிற இடத்தில் வசம்பு தழைக்கிறது.

*

சேர்வராயன் மலையில் நிழல் மரத்தின் கதை காப்பியோடு பிணைந்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியைப் பயிராக்கினார். இங்கே விளைவது பெரும்பாலும் அராபிகா. அதன் பூர்வீகம் எத்தியோப்பிய மலைக்காடு. அங்கே அது பெரிய மரங்களுக்குக் கீழே வளர்ந்த குறுஞ்செடி. அதனால் இங்கேயும் அதற்கு மேலே ஒரு கூரை தேவைப்படுகிறது. நிழல் குறைந்து வெயில் நேராக விழுகிற தோட்டத்தில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் அதிகம் வரும். தாய்ப்பூச்சி வெயில்படும் தண்டின் பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழு உள்ளே குடைந்து செடியையே சாய்த்துவிடும். அப்படித் தாக்கிய செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. நிழல் மரம் இந்த மலையில் அழகுக்கு நிற்பதில்லை.

*

இன்று இந்தப் பக்கத் தோட்டங்களில் எங்கு பார்த்தாலும் சில்வர் ஓக். கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். நேராக, வேகமாக வளரும். மிளகுக் கொடி ஏற்ற வசதி. மரமும் விலை போகும். இத்தனை நன்மைகளையும் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் முழுத் தோட்டத்தையும் அதற்கே கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. அதன் சருகு மெதுவாகத்தான் மட்கும். தழைச்சத்தை மண்ணுக்குத் தராது. ஒரே மரம் நிற்கும் தோட்டத்தில் பறவைக்கும் தேனீக்கும் கிடைப்பது சொற்பம். பலாவும் அத்தியும் இச்சியும் கலந்து நிற்கிற பழைய தோட்டத்துக்குள் போய் நின்றால் வித்தியாசம் காதிலேயே தெரியும்.

ஒன்றை மறக்கக் கூடாது. நட்ட மரத்தை நினைத்தபோது வெட்டிவிட முடியாது. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருக்கிறது. நடும்போதே யோசித்து நட வேண்டும்.

*

மேட்டுக்கு என் தேர்வு கல்யாண முருங்கை. முள்முருங்கை என்றாலும் அதுதான். விதைக்குக் காத்திருக்க வேண்டாம். ஆள் உயரப் போத்தை வெட்டி, மழை தொடங்கியதும் ஊன்றினால் துளிர்த்துவிடும். அவரைக் குடும்பம். வேர் முடிச்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக்கித் தரும். இலை சீக்கிரம் மட்கும். தென்மேற்குப் பருவமழைக்கு முன் கிளைகளைக் கழித்துவிட்டால் மப்புக் காலத்தில் காப்பிக்கு வெளிச்சம் கிடைக்கும். கோடைக்குள் மறுபடியும் தழைத்துக் குடை பிடிக்கும். கழித்த தழையை ஆட்டுக்குப் போடலாம், செடியின் அடியில் மூடாக்காகவும் போடலாம். இளம் இலையில் வீட்டுக்கு அடை. சளி பிடித்த பிள்ளைகளுக்கு அந்த அடையைச் சுட்டுக் கொடுக்காத பாட்டிகள் குறைவு.

குறையும் உண்டு. மென்மரம், காற்றுக்குக் கிளை முறியும். வீட்டுக் கூரைக்கு அருகே வைக்கக் கூடாது. இன்னொரு குறை பெரியது. இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு குளவி இதன் துளிரில் முட்டையிட்டு, இலையையும் காம்பையும் முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கிறது. 2004-ல்தான் அதைத் தனி இனமாக அடையாளம் கண்டு பெயரிட்டார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கேரளத்துக்கு வந்துவிட்டது. அங்கே மிளகு ஏற்றியிருந்த முருங்கைகள் நிறைய வீணாயின. எனவே கல்யாண முருங்கையோடு பலாவையும் கலந்து நடுங்கள். பலா மெதுவாக வளரும், ஆனால் தலைமுறை தாண்டி நிற்கும். முருங்கையில் வீங்கிய துளிர் தெரிந்தால் அந்தக் கிளையை வெட்டி உடனே எரித்துவிட வேண்டும்.

*

இனி அடிப் பள்ளம். அங்கே வசம்பு.

விதை வேண்டாம், கிழங்குத் துண்டு போதும். கணு மேலே இருக்கும்படி சேற்றில் இரண்டு விரற்கடை ஆழம் புதைத்து, ஒரு அடி இடைவெளி விட்டால் போதும். ஒரு வருஷத்தில் இலை பழுத்துச் சாயும்போது கிழங்கைத் தோண்டலாம். பூச்சி அவ்வளவாக அண்டாது. தானியக் குதிரில் வசம்புத் துண்டு போட்டு வைக்கும் வழக்கம் சும்மா வந்ததல்ல. கிழங்கில் உள்ள ஆசரோன் என்ற பொருள் பூச்சிக்கு ஆகாது. மனிதருக்கும் அது அளவோடுதான். அமெரிக்காவில் 1968 முதல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை இருக்கிறது. கைக்குழந்தைக்குச் சுட்டு உரைத்துக் கொடுக்கும் பழக்கத்தைக் குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். அதைக் கேட்பது நல்லது. தோட்டத்துக்கும் குதிருக்கும் வசம்பு, தொட்டிலுக்கு வேண்டாம்.

வசம்புக்கு வெயில் வேண்டும். மர நிழல் கவிந்தால் சோர்ந்து போகும். நிழல் விழும் ஈர ஓரத்துக்குச் சேம்பு ஏற்றது. ஓடைக்கரையில் தானாக முளைக்கும் காட்டுச் சேம்பை மட்டும் சமையலுக்கு எடுக்காதீர்கள், தொண்டை அரிக்கும். அழகுக்காக ஆகாயத் தாமரையைக் கொண்டுவந்து விட்டுவிடாதீர்கள். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஏரிகளை மூடிய செடி.

*

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் இருக்கிறது. ஆர்க்கிட் பார்க்கப் போகிறவர்கள் அங்குள்ள குடுவைச் செடியையும் நின்று பார்க்க வேண்டும். இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே குடுவைச் செடி இனம் இது. மேகாலயா மலைகள் அதன் ஊர். ஈரமான, புளிப்பேறிய, சத்தற்ற மண்ணில் நிற்கிறது. மண்ணில் தழைச்சத்து இல்லாததால் இலை நுனியைக் குடுவையாக்கிப் பூச்சியைப் பிடித்து அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கல்யாண முருங்கைக்கும் அதே பற்றாக்குறைதான். அது நுண்ணுயிருக்கு வேரில் இடம் கொடுத்துச் சமாளிக்கிறது. ஒரே பசிக்கு மேட்டில் ஒரு வழி, ஈரத்தில் ஒரு வழி. பார்த்துவிட்டு வாருங்கள், வாங்கி வந்து வளர்க்க நினைக்காதீர்கள். அது அழிவின் விளிம்பில் உள்ள செடி.

*

கீழே ஊத்து கசிவதற்கு மேலே மரம் நிற்பதும் ஒரு காரணம். சருகு மூடிய மண் மழையை உள்ளே விடும். அந்தத் தண்ணீர்தான் மெல்ல இறங்கி வந்து கோடையிலும் பள்ளத்தை நனைக்கும். மேட்டை மொட்டையடித்தால் மழை அப்படியே மண்ணை வாரிக்கொண்டு கீழே ஓடிவிடும். ஊத்துப் பக்கத்தில் தைல மரம் வைப்பதும் கூடாது, அது தண்ணீரை இழுத்துவிடும்.

*

பள்ளம் என்றால் கொசு வரும் என்று பயந்து மண் அடித்து மூடுகிறார்கள். டெங்குக் கொசு பெருகுவது பழைய டயரிலும் பிளாஸ்டிக் டப்பாவிலும் மூடாத தண்ணீர்த் தொட்டியிலும்தான். தவளையும் தும்பியும் வாழும் கசிவில் கொசுப்புழு தப்பிப்பது கடினம். காப்பிப் பழம் உரித்த கழிவுநீரைப் பள்ளத்தில் திருப்பிவிடுவதுதான் உண்மையான கெடுதல். அந்தப் புளித்த நீரில் வசம்பும் பிழைக்காது, ஓடையும் நாறும்.

*

நிலம் ஒரு பாத்தி அளவுதான், ஒன்றுதான் நட முடியும் என்றால்? தண்ணீர் வடிகிற இடமானால் மரம், தயங்க வேண்டாம். ஆனால் ஊத்து இருக்கிற நிலத்தை வாங்கியவர்களிடம் ஒரு வேண்டுகோள். சுற்றுச்சுவருக்கும் கார் நிறுத்தவும் இடம் குறிக்கும் முன் அந்த ஈரப் பள்ளத்தை வரைபடத்தில் தனியாக வட்டமிட்டுக் கொத்தனாரிடம் கொடுங்கள். அங்கே ஒரு கூடை மண்கூட விழ வேண்டாம்.