நடுப்பகுதியிலிருந்து தொடங்குங்கள்

பேலா பார்டோக் 1928இல் எழுதிய நான்காவது ஸ்ட்ரிங் குவார்டெட்டை முதல்முறை கேட்பவர்கள் பலர் முரட்டு இசை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. நான்கும் உரசிக்கொள்வதுதான் முதலில் காதில் விழும். செல்லோவோடு அதற்குள் உட்கார்ந்து வாசிக்கிற எனக்கு அதன் குணமே வேறு. தந்தியிலிருந்து ஒலி எப்படிப் பிறக்க வேண்டும் என்று ஒவ்வொரு இடத்திலும் யோசித்து எழுதப்பட்ட இசை அது.

மொத்தம் ஐந்து பகுதிகள். ஒன்றும் ஐந்தும் ஜோடி. இரண்டும் நான்கும் ஜோடி. மூன்றாவது நடுவில் தனியாக நிற்கிறது. முதல் பகுதி தொடங்கிய சற்று நேரத்தில் செல்லோ ஆறே ஸ்வரங்களில் ஒரு துணுக்கை வாசிக்கிறது. அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக ஏறி இறங்கும் அந்தத் துணுக்குதான் அப்பகுதியையும் முடிக்கிறது, முழுப் படைப்பையும் முடிக்கிறது.

இரண்டாம் பகுதியில் நால்வரும் குதிரைமேல் மியூட் மாட்டிக்கொண்டு படுவேகமாக வாசிக்கிறோம். மெட்டு ஸட்ஜ–பஞ்சம தூரத்துக்குள்ளேயே ஊர்கிறது. நான்காம் பகுதியில் அதே மெட்டு ஒரு ஸ்தாயி அளவுக்கு விரிகிறது. வில்லைத் தொடுவதே இல்லை, முழுக்க விரலால் மீட்டும் பிட்ஸிகாட்டோ. சில இடங்களில் தந்தியை மேலே இழுத்து, ஃபிங்கர்போர்டில் பட்டுத் தெறிக்கும்படி விட வேண்டும். இன்று உலகம் முழுக்க இதற்குப் பார்டோக் பிட்ஸிகாட்டோ என்றே பெயர். அளவுக்கு மீறி இழுத்தால் அடி மட்டும் கேட்கும், ஸ்வரம் காணாமல் போய்விடும்.

மூன்றாம் பகுதிதான் இதன் உயிர். மற்ற மூவரும் சேர்ந்து ஒரு நீண்ட ஒலியைப் பிடித்திருக்க, அதன்மேல் செல்லோ தனியாகப் பேசுகிறது. கிராமம் கிராமமாகப் போய், ஃபோனோகிராஃபில் நாட்டுப் பாடல்களைப் பதிவு செய்தவர் பார்டோக். தாளக்கட்டு இல்லாமல் நீட்டி, சட்டென்று சிறு ஸ்வரங்களாக உதிரும் அந்த நடையில் ஹங்கேரியக் கிராமத்துப் பாட்டின் மூச்சு இருக்கிறது. கீழே இருக்கும் அந்த ஒலியை முதலில் இடதுகை விரலை அசைக்காமல் பிடிக்கச் சொல்கிறார்; பிறகு வைப்ரேட்டோவோடு. ஸ்வரங்கள் மாறுவதில்லை, விரல் அசைந்ததும் இடமே மாறினதுபோல் ஆகிவிடுகிறது. அசைவில்லாத விரலில் சுருதி இம்மி விலகினாலும் மறைக்க வழியில்லை. மூவரும் ஒரே சமயத்தில் வில்லைத் திருப்பினாலும் ஒலி அறுந்துவிடும். அதனால் ஒருவர் திருப்பும்போது மற்ற இருவர் தாங்குகிறார்கள். அந்தத் தாங்கல் இருந்தால்தான் நான் அவசரமில்லாமல் பாட முடியும்.

முதலில் ஸ்வரங்களைப் பாடம் பண்ணிவிட்டு ஒலிநயத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இங்கே செல்லாது. இரண்டாம் பகுதியில் மியூட் போட்டதும் தந்தி வில்லுக்குப் பதில் சொல்லும் விதமே மாறிவிடுகிறது. மியூட் இல்லாமல் பழகிய வேகத்துக்கு அங்கே அர்த்தம் இல்லை. அந்தப் பகுதியை நாங்கள் முதல் நாளிலிருந்தே மியூட்டோடுதான் பயில்கிறோம்.

இதைக் கையில் எடுக்கும் இளம் குழுக்களிடம் முதல் பகுதியில் தொடங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதன் வேகமும் மோதலும் ஒவ்வொருவரையும் தன் பாகத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்ளப் பழக்கிவிடும். மூன்றாம் பகுதியைச் செல்லோ இல்லாமல், மூவர் மட்டும், முழுக்க வாசித்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவரின் வில் எங்கே திரும்புகிறது என்று அங்கே பழகிய காது முதல் பகுதிக்கும் வேண்டும். அது வந்துவிட்டால், முரடு என்று தோன்றிய இடங்களில் நான்கு குரல்களும் தனித்தனியே தெளிவாகக் கேட்கும்.