கதை வந்துச்சு, முடிவு வரல

சீரியல் பார்க்கிறவர்களில் மூன்று ரகம் உண்டு. முதல் ரகம், வீட்டில் டிவி ஓடுகிறது, அதனால் பார்க்கிறவர்கள். இரண்டாவது ரகம், "நானெல்லாம் சீரியலே பாக்கறதில்ல" என்று சொல்லிவிட்டு, போன வாரம் நடந்த கதையை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிறவர்கள். மூன்றாவது ரகம் கொஞ்சம் ஆபத்தானது. ஒரு தொடரைப் பார்த்ததும் இது எந்த மொழியிலிருந்து வந்தது, அங்கே எப்படி எடுத்தார்கள், இங்கே ஏன் மாற்றினார்கள் என்று நோண்ட ஆரம்பித்து விடுவார்கள். இது அந்த மூன்றாவது ரகத்தைச் சேர்ந்த ஒரு ரசிகையின் கதை. கதை கூட இல்லை, அவளுடைய கருத்துகள்.

ராசிபுரத்துப் பெண். சேலத்தில் பி.காம். போக வர பஸ்ஸிலேயே இரண்டு மணி நேரம் போய்விடும். அதுதான் அவளுடைய தியேட்டர். காஸ்ட் அக்கவுண்டிங் நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு அட்டவணை வைத்திருக்கிறாள். தொடரின் பெயர், நாடு, வருஷம், எத்தனை எபிசோடு, எதை மாற்றினார்கள், எப்படி முடிந்தது. பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாவிட்டாலும் இவளுக்கு அந்த அட்டவணை டேலி ஆகிவிடும் என்று வகுப்பில் ஒரு கிண்டல் உண்டு :)

இந்த வியாதிக்கு இரண்டு சேனல்கள் காரணம். ஒன்று பாலிமர். சேலத்தில் உள்ளூர் கேபிள் சேனலாக ஆரம்பித்து, பிறகு சாட்டிலைட் சேனலாக வளர்ந்தது. ஹிந்தி சீரியல்களைத் தமிழில் பேச வைத்துக் கொண்டு வந்தார்கள். 'படே அச்சே லக்தே ஹைன்' அங்கே 'உள்ளம் கொள்ளை போகுதடா' ஆனது, 'சசுரால் சிமர் கா' 'மூன்று முடிச்சு' ஆனது. இரண்டாவது புதுயுகம். 2013-இல் வந்த அந்தச் சேனல்தான் கொரியத் தொடர்களைத் தமிழில் டப் செய்து வீட்டுக்குள் கொண்டு வந்தது. 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' கதாநாயகி தமிழில் சண்டை போட்டபோது இவளுக்கு வயது பத்து இருக்கும். சியோல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் அந்தப் பெண்ணின் அப்பா சலவைக் கடை வைத்திருக்கிறார், பணக்காரப் பையனின் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

டப்பிங்கும் ரீமேக்கும் ஒன்று என்று நினைப்பவர்களுக்கு அவள் ஒரு உதாரணம் சொல்வாள். டப்பிங் தொடர் விருந்தாளி மாதிரி. வரும், இரண்டு நாள் இருக்கும், அதன் பழக்கம் அதற்கு. குச்சியால் சாப்பிட்டால் சாப்பிட்டுப் போகட்டும், நாலு நாளில் ஊருக்குப் போய்விடும், யாரும் கவலைப்படுவதில்லை. ரீமேக் அப்படியில்லை, மருமகள் மாதிரி. வீட்டுக்குள் வந்த அன்றைக்கே உன் பேரை மாற்று, சேலையை மாற்று, குரலைக் குறை என்று ஆரம்பித்து விடுவார்கள். மருமகளிடம் ஒரு வீடு எதையெல்லாம் மாற்றச் சொல்கிறது என்று பார்த்தால் அந்த வீட்டைப் பற்றித் தெரிந்துவிடும் அல்லவா? ரீமேக்கும் அப்படித்தான் என்பது அவள் கட்சி.

அதற்காக ரீமேக்கே கூடாது என்பவள் இல்லை. ரீமேக் எடுத்தால் இங்கே நடிகர், கேமராமேன், லைட்மேன், மேக்கப் போடுகிறவர் எல்லாருக்கும் வேலை உண்டு. டப்பிங்கில் குரல் கொடுக்கிறவர்களுக்கு மட்டும்தான். ஹிந்தி டப்பிங் தொடர்கள் பெருகிய காலத்தில் சின்னத்திரைக் கலைஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் அதனால்தான். தவிர, அயலூர்க் கதையை உள்ளூர்க் கதையாக்குவது சேலத்துக்குப் புதிதா என்ன? ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊர் இது. ஹிந்தியில் 1954-இல் அலிபாபா படம் வந்தது. 1956-இல் டி.ஆர்.சுந்தரம் அதே கதையை எம்.ஜி.ஆரை வைத்து 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்று கலரில் எடுத்தார். பாக்தாத் கதையைத் தமிழ்நாடே தன் கதையாக எடுத்துக் கொண்டது.

அட்டவணையின் முதல் பக்கம் முழுக்க 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' வம்சாவளிதான். மூலம் ஜப்பானில் 1992-இல் யோகோ காமியோ வரைந்து எழுத ஆரம்பித்த 'ஹானா யோரி டாங்கோ' என்ற மங்கா. நடிகர்களை வைத்து அதை முதலில் தொடராக எடுத்தது ஜப்பான் இல்லை, தைவான்! 2001-இல் 'மீட்டியர் கார்டன்'. 2005-இல் ஜப்பான், 2009-இல் கொரியா, 2018-இல் சீனா, 2021-இல் தாய்லாந்து. 2014-இல் எம்டிவி ஹிந்தியில் எடுத்த 'கைசி யே யாரியான்' இதைத் தழுவியதுதான். அங்கே நாலு பையன்கள், இங்கே ஐந்து பேர் கொண்ட இசைக்குழு.

இதில் அவள் ரசிக்கிற மாற்றம் ஒன்று உண்டு. ஜப்பான் கதையில் பெண்ணின் அப்பா ஒரு கம்பெனியில் சாதாரண ஊழியர். குடும்பமே கஷ்டப்பட்டு அவளைப் பணக்காரப் பள்ளியில் படிக்க வைக்கிறது. கொரியாவில் அதைச் சலவைக் கடை ஆக்கினார்கள். வெளுத்த துணியைக் கொடுக்கப் பள்ளிக்குப் போகிற இடத்தில், மொட்டை மாடியிலிருந்து குதிக்கப் போன ஒரு மாணவனை அவள் காப்பாற்றுகிறாள். செய்தி பரவுகிறது, பள்ளிக்குக் கெட்ட பேர். அதைச் சரிக்கட்ட அவளையே அங்கே இலவசமாகச் சேர்த்துக் கொள்கிறார்கள். இது நல்ல ரீமேக் என்பாள் அவள். சின்ன மாற்றம்தான், ஆனால் படிப்பு என்ற பெயரில் பிள்ளைகளைப் பிழிகிற ஒரு நாட்டின் முகம் அதில் தெரிகிறது.

நாமக்கல் மாவட்டத்தில் பிறந்தவளுக்கு அந்த முகத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ப்ளஸ் டூ மார்க்குக்காக ஊர் ஊராகப் பிள்ளைகளைக் கொண்டு வந்து ஹாஸ்டலில் அடைத்த மாவட்டம் அது. கோழிப் பண்ணையும் அங்கேதான், 'பிராய்லர் பள்ளி' என்ற பேச்சும் அந்தப் பக்கத்துப் பள்ளிகளை வைத்துத்தான்.

அடுத்தது எபிசோடு கணக்கு. இது காமர்ஸ் மாணவி பேச வேண்டிய ஏரியா. 'குட் டாக்டர்' என்று ஒரு கொரியத் தொடர், 2013-இல் வந்தது. ஆட்டிசம் உள்ள இளம் டாக்டர் ஒருவரைப் பற்றிய கதை, 20 எபிசோடில் முடிந்தது. ஜப்பான் 2018-இல் எடுத்து 10 எபிசோடில் முடித்தது. துருக்கி 2019-இல் ஆரம்பித்து 64. அமெரிக்கா 2017-இல் ஆரம்பித்து 2024 வரை 126 எபிசோடு! கதை ஒன்றுதான், சந்தை வேறு வேறு. முடிவைத் தீர்மானிப்பது கதையில்லை, கல்லாப்பெட்டி.

தமிழில் அந்தக் கல்லாப்பெட்டிக்குப் பேர் டிஆர்பி. ரேட்டிங் இருக்கிற வரைக்கும் விளம்பரம், விளம்பரம் இருக்கிற வரைக்கும் கதை. 'கோலங்கள்' 2003-இலிருந்து 2009 வரை 1500 எபிசோடுக்கு மேல் போனது. ஒரு எபிசோடு 20 நிமிடம் என்று வைத்தாலும் 500 மணி நேரம். அந்த நேரத்தில், மணிக்கணக்கில் ஓடும் 16 எபிசோடு கொரியத் தொடர் 31 பார்த்து முடித்து விடலாம். (கொரியாவிலும் நூறு எபிசோடைத் தாண்டுகிற தினசரித் தொடர்கள் உண்டு. அவை டப் ஆகி இங்கே வருவது அரிது என்பதால், கொரியாக்காரர்கள் எல்லாரும் கச்சிதமானவர்கள் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம்.)

நீளம் கூட அவளுக்குப் பெரிய குறை இல்லை. நீளத்தால் என்ன நடக்கிறது என்பதுதான் குறை. நாயகியின் பிரச்சினை தீர்ந்தால் தொடர் முடிந்துவிடும். தொடர் முடியக் கூடாது என்றால் அவள் பிரச்சினை தீரக் கூடாது. ஆக, ஒரு பெண் ஐந்தாறு வருஷம் அழுதுகொண்டே இருப்பது ஒரு வியாபாரத் தேவை ஆகிவிடுகிறது.

"அப்படின்னா பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸை 25 எபிசோடுல நம்ம ஊர்ல எடுத்தா நல்லாருக்குமா?" என்று ஒருநாள் பஸ்ஸில் தோழி கேட்டாள். இருவரும் சேர்ந்து கதை பண்ணினார்கள். இடம் திருச்செங்கோடு. நாயகியின் அப்பா இஸ்திரிக் கடை. நாலு பையன்களில் ஒருத்தன் வீட்டில் ரிக் வண்டி, ஒருத்தன் வீட்டில் கோழிப் பண்ணை, ஒருத்தன் வீட்டில் இருபது லாரி, நாலாவது பையனின் அப்பாதான் பள்ளிக்கூடத்துச் சேர்மன். மல்லூர் வரைக்கும் ஒரே சிரிப்பு.

அதற்கப்புறம் கதை நகரவில்லை. சியோல் பணக்கார அம்மா, "உங்களுக்கு எவ்வளவு பணம் வேணும்?" என்று பெண் வீட்டில் போய்க் கேட்கிறாள். தடை பணம் மட்டும்தான், அதனால் காதல் ஜெயித்துவிடுகிறது. திருச்செங்கோட்டில் அந்த அம்மா பணத்தைப் பற்றியா பேசுவாள்? 2015-இல் ஓமலூரைச் சேர்ந்த, இன்ஜினியரிங் படித்த கோகுல்ராஜ், திருச்செங்கோடு கோயிலுக்கு வேறு சாதித் தோழியோடு போனவர், மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022-இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் அந்தக் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்த ஊரில் வைத்து எடுக்கும்போது சாதியைச் சொல்லாமல் எடுத்தால் பொய். சொல்லி எடுத்தால் எந்தச் சேனல் போடும்? தோழிகள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அட்டவணையில் 'எப்படி முடிந்தது' என்ற கட்டத்தின் மேல் அவளுக்கு அக்கறை வந்தது அதற்குப் பிறகுதான். அந்தக் கட்டத்தில் அவள் சிவப்பு மையில் எழுதிய ஒரே வரிசை 'ஸ்ரீமொயி'யுடையது.

'ஸ்ரீமொயி' 2019-இல் வந்த வங்காளத் தொடர். வீட்டுக்காக உழைத்துத் தேய்ந்த ஒரு அம்மா. கணவனுக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு. அம்மா விவாகரத்து வாங்குகிறாள், தன் காலில் நிற்கிறாள், பிறகு தன்னை மதிக்கிற பழைய நண்பரை மணந்து கொள்கிறாள். வளர்ந்த பிள்ளைகளின் அம்மாவுக்குக் கல்யாணம்! 2021-இல் தொடர் முடிந்தது. இதையே ஹிந்தியில் 'அனுபமா' என்று எடுத்தார்கள், 2022-இல் அவளுக்கும் கல்யாணம் ஆனது. மராத்தியில் 'ஆயி குட்டே காய் கர்தே', அங்கேயும் ஆனது. தமிழில் இது 'பாக்கியலட்சுமி', 2020-இலிருந்து 2025 வரை விஜய் டிவியில் ஓடியது. பாக்யா சமையல் தொழில் தொடங்கினாள், விவாகரத்து வாங்கினாள், ரெஸ்டாரண்ட் நடத்தினாள். பழனிச்சாமி என்று ஒரு நல்ல மனுஷர் நண்பராக வந்தார். நண்பராகவே நின்றார்.

இதை ரசிகை கவனித்தது தன் பெரியம்மாவால். பள்ளிபாளையத்தில் தறிக்குப் போகிறவர். கணவர் வேறு குடும்பம் தேடிப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. வேறெந்த சீரியலும் அவருக்கு ஒரு பொருட்டில்லை, பாக்கியலட்சுமி மட்டும் தவற விடமாட்டார். இவள் எல்லா மொழியையும் நோண்டுகிறவள் என்று தெரிந்து ஒருநாள் மெதுவாகக் கேட்டார்.

"ஏங்கண்ணு, அந்த வங்காளத்துக்காரி மறுபடி கண்ணாலம் பண்ணிக்கிட்டாளா?"

"பண்ணிக்கிட்டா பெரீம்மா."

"புள்ளைங்க ஒண்ணுஞ் சொல்லலியா?"

"மொதல்ல சொன்னாங்க. அப்புறம் சரியாப் போச்சு."

"இங்க பண்ண மாட்டாங்க, பாரு" என்றார் பெரியம்மா. அவர் சொன்னதுதான் நடந்தது.

காலேஜில் இதைப் பேசியபோது ஒரு தோழன் நியாயமாகவே எதிர்வாதம் வைத்தான். கல்யாணம் பண்ணிக்கொண்டால்தான் முடிவா? தனியாக, சம்பாதித்து, தலை நிமிர்ந்து நிற்பதும் நல்ல முடிவுதானே? சொல்லப்போனால் அதுதான் முற்போக்கு. ரசிகைக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பெரியம்மாவிடமே போய்க் கேட்டாள். அவர் நூலை முடிந்துகொண்டே சொன்னார், "வேண்டாம்னு நாமளா சொல்றது வேற கண்ணு. கேக்கறதுக்கே ஒருத்தரையும் உடாம இருக்கறது வேற."

ரசிகையின் வாதம் முழுக்க இந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது. பாக்யா தனியாக இருப்பது அவளுடைய விருப்பமா, அல்லது வீட்டுக்கு வீடு பாட்டிகள் கோபித்துக்கொள்வார்கள், ரேட்டிங் இறங்கும் என்ற பயமா? விருப்பம் என்றால் அது நல்ல முடிவு. பயம் என்றால், கதையை வங்காளத்திலிருந்து கொண்டு வந்தவர்கள் துணிச்சலை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். 'மக்கள் ஏத்துக்க மாட்டாங்க' என்று சொல்வது சுலபம். பள்ளிபாளையத்தில் ஷிஃப்ட் முடிந்து வந்து டிவி முன்னால் உட்கார்ந்த ஒரு அம்மா ஐந்து வருஷம் அதற்காகத்தான் காத்திருந்தார். அவரும் மக்கள்தான். பாட்டியின் கோபம் மாதிரியே அவருடைய காத்திருப்பும் ரேட்டிங்கில் ஒரு புள்ளியாகத்தான் பதிவாகும். இரண்டுக்கும் வித்தியாசம் காட்டுகிற மீட்டர் இன்னும் வரவில்லை.

இப்போது தமிழ்க் கதைகளும் வெளியூர் போகின்றன. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தெலுங்கு, மலையாளம், ஹிந்தி என்று போனது. 2023-இல் ஆரம்பித்த 'சிறகடிக்க ஆசை' அடுத்த வருஷமே ஹிந்தியில் 'உட்னே கி ஆஷா' ஆனது. ரசிகைக்கு இதில் பெருமைதான். ஆனால் அட்டவணையில் ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறாள். வேறு மொழிக்காரர்கள் நம்மிடமிருந்து கதையை எடுத்துக்கொண்டு, "முடிவை மட்டும் எங்க ஊருக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கறோம், இவ்வளவு தைரியமா எங்களால எடுக்க முடியாது" என்று சொல்கிற ஒரு தமிழ்த் தொடரின் பெயரை எழுதுவதற்காக.