மறுவாரமும் போவது

கல்லூரித் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கியதும், எங்கள் பங்கின் புனித வின்சென்ட் தே பவுல் சபைக்கு இளையோர் சிலர் வந்து சேர்வது சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. சமூகப்பணித் துறை மாணவர் களப்பயிற்சிக்கென வருவர். வேறு சிலர் கல்லூரி கேட்கும் சேவைச் சான்றிதழுக்காக வருவர். எதற்காக வந்தாலும் வரட்டும் என்பதே எங்கள் எண்ணம். இத்தனை மணி நேரம் சேவை செய்தார் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டிய அந்தத் தாளைப் பார்க்கையில் மட்டும் எங்களுக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கும். எனினும் கையொப்பமிட்டே தருகிறோம்.

இச்சபையைத் தொடங்கியவர்களே மாணவர்கள்தாம் என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். 1833-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் பாரிஸ் நகரில் முதற்கூட்டம் நடந்தபோது, பிரெடரிக் ஓசானாம் 20 வயதே நிரம்பிய சட்ட மாணவர். கிறிஸ்தவம் முற்காலத்தில் நன்மை செய்தது சரி, இன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று விவாத அரங்கில் எழுந்த கேள்வி அவரையும் நண்பர்களையும் சுட்டது. சுட்டதென்னவோ உண்மை, ஆனால் ஓர் ஏழையின் வீட்டுக்குள் எப்படி நுழைவது, அங்கே எங்கே அமர்வது, என்ன பேசுவது என்பது அவர்களுக்குத் தெரியாது. மூஃப்தார் தெருப் பகுதியில் நெடுங்காலம் பணியாற்றிவந்த பிறரன்புப் புதல்வியர் சபைத் துறவி ரோசலி ரெந்துவிடம்தான் அதைக் கற்றுக்கொண்டார்கள். எந்த வீட்டுக்குப் போவது என்று காட்டியவரும், கொண்டுபோக ரொட்டிச் சீட்டுகள் தந்தவரும் அவரே. ஓசானாம் 1997-இலும் ரோசலி அம்மையார் 2003-இலும் அருளாளர்களாக உயர்த்தப்பட்டார்கள். பீடத்தில் வைத்து வணங்கும் நமக்கு, அந்த அருளாளரும் ஒரு காலத்தில் பயிற்சிக்கு வந்த பிள்ளைதான் என்னும் நினைவு ஆறுதல் தருகிறது.

சென்ற ஆண்டு எங்களிடம் வந்த தம்பி ஒருவர், முதல் நாளே கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். குடும்பத் தலைவர், வருமானம், தேவை, தீர்வு என நான்கு கட்டங்கள். இருவர் இருவராகவே இல்லச் சந்திப்புக்குப் போவது எங்கள் சபையின் பழைய ஒழுங்கு. ஆகவே எங்களுள் மூத்த அண்ணாச்சி ஒருவரோடு அவரை அனுப்பினோம்.

அவர்கள் சென்ற முதல் வீடு, தூத்துக்குடி உப்பளத்தில் ஆயுள் முழுவதும் உழைத்து ஓய்ந்த ஓர் ஆச்சியின் வீடு. பாத்திகளில் உப்பு வாரியும் சுமந்தும் அவருடைய விரல்களில் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை இயந்திரத்தில் விரலை வைத்தால் பதிவதில்லை. பலமுறை வெறும் பையோடு திரும்பியிருக்கிறார். விதவை ஓய்வூதியத்துக்கு மனுவும் இல்லை. உழைத்த கையையே அடையாளமற்ற கையென்று ஓர் இயந்திரம் தள்ளுவதைக் கண்டு தம்பி கொதித்துப் போனார். அந்தக் கொதிப்பு நல்லது. அது இல்லாதவரை எங்களால் ஒன்றும் செய்ய இயலாது.

முதியோர் தமக்குப் பதிலாக மற்றொருவரை அனுப்பிப் பொருள் பெற ஓர் அங்கீகாரப் படிவம் உண்டு. அதை நிரப்பிக் கொடுத்ததில் அரிசிப் பிரச்சினை இரண்டே வாரத்தில் தீர்ந்தது. ஓய்வூதியம் அப்படியன்று. இ-சேவை மையத்தில் மனு பதிய வேண்டும். கணவரின் இறப்புச் சான்று வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வேண்டும். பின்னர் கோப்பு வட்டாட்சியர் அலுவலகம் ஏற வேண்டும். இறப்புச் சான்றில் ஒரு பெயர், ஆதாரில் வேறொரு பெயர். ஓர் எழுத்து மாறியிருந்ததற்காக மூன்று வாரம் அலைந்தார் தம்பி.

நான்காம் வாரம் வந்தது. சொல்வதற்கு நல்ல செய்தி ஏதுமில்லை, எந்த முகத்தோடு போவது, அடுத்த வாரம் பார்க்கலாமே என்றார். அன்றுதான் அவருடைய பயிற்சி தொடங்கியது என்று நாங்கள் கருதுகிறோம். கையில் அரிசியோடு போவது எளிது. கொடுப்பவரின் நிமிர்வு அதில் இருக்கிறது. ஒன்றும் இல்லாமல் போகையில் அந்த நிமிர்வு கழன்றுவிடும். அண்ணாச்சி வற்புறுத்தி அழைத்துச் சென்றார்.

"வேலை இன்னும் முடியல ஆச்சி," என்றாராம் தம்பி, வாசலிலேயே நின்று.

"முடியலன்னா என்னய்யா? நீ வருவியான்னுல்ல பாத்துக்கிட்டிருந்தேன். உள்ள வா."

கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார். ஏழை வீட்டில் ஒரு குவளை காப்பியும் செலவுதானே என்று தம்பி மறுக்க முயன்றபோது, அண்ணாச்சி தம் குவளையை வாங்கிப் பேசாமல் குடித்தாராம். பெற்றுக்கொள்ளத் தெரியாதவன் கொடுப்பது பிறருக்குச் சுமை. இதை நாங்கள் எந்தக் கூட்டத்திலும் சொல்லித் தருவதில்லை; சொன்னால் விளங்குவதும் இல்லை.

எல்லா வீடும் இவ்வாறே இருக்கும் என்று வாசகர் எண்ணிவிட வேண்டாம். மற்றொரு வீட்டில், நாங்கள் கொடுத்த அரிசியைக் கணவர் விற்றுக் குடித்துவிட்டார். பட்டியலிலிருந்து அப்பெயரை அடித்துவிட வேண்டும் என்று தம்பி வாரக் கூட்டத்தில் வாதாடினார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. உண்டியலில் விழும் காசும் ஏழைகளுடையதுதான். நெடுநேரம் பேசினோம். அந்த வீட்டில் இரண்டு குழந்தைகளும் பசித்திருக்கிறார்கள் என்பதற்கு ஒருவரிடமும் மறுமொழி இல்லை. மூட்டையாகக் கொடுப்பதை நிறுத்தி, வாரந்தோறும் சிறிது சிறிதாக மனைவியின் கையிலேயே சேர்ப்பதென முடிவாயிற்று. தம்பிக்கு முழு மனநிறைவு இல்லை. எங்களுக்கும் இல்லை.

விடுமுறை முடிந்து அவர் விடைபெற்றபோது, நோட்டுப் புத்தகத்தை அடுத்து வருபவருக்கென எங்களிடமே விட்டுச் சென்றார். ஆச்சிக்குரிய பக்கத்தில் நான்கு கட்டங்களையும் மீறி ஓரமெல்லாம் எழுதியிருக்கிறது: காது சற்று மந்தம், உரக்கக் கூப்பிட வேண்டும். வாசலில் படுத்திருக்கும் நாய் கடிக்காது. மூத்த மகனைப் பற்றிக் கேட்க வேண்டாம். கல்லறைத் திருநாளில் கணவர் கல்லறைக்கு அழைத்துப் போக ஆள் வேண்டும். மனு இன்னும் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை போனால் விசாரிக்கலாம்.