சபராளி எழுதாத ஏடு

தமிழகத்துக் கடலோர முஸ்லிம் ஊர்களில் ‘சபராளி’ என்றொரு சொல் வழங்கி வருகிறது. பயணம் எனப் பொருள்படும் ‘சஃபர்’ என்னும் அரபுச் சொல்லோடு, உழைப்பாளி, படைப்பாளி என்பவற்றில் வரும் ‘ஆளி’ சேர்ந்து பிறந்த சொல் அது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் பொருள் தேடிச் சென்றவரை நம் முன்னோர் அப்பெயரால் அழைத்தனர். 1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்து, அரபு நாடுகளில் சாலைகளும் துறைமுகங்களும் மாளிகைகளும் எழத் தொடங்கிய பின்னர் சபராளியின் திசை மேற்காக மாறியது. திசை மாறிற்றே தவிர வாழ்வின் இயல்பு மாறவில்லை. மனைவி மக்கள் ஓரிடம், தான் ஓரிடம் என்னும் பிரிவு அன்றுபோலவே இன்றும் தொடர்கிறது.

இப்பிரிவைத் தமிழ் இலக்கணம் நெடுங்காலத்துக்கு முன்னரே அறிந்திருந்தது. ‘பொருள்வயிற் பிரிவு’ என அதற்கொரு பெயரும் இட்டது. கடல் கடந்து செல்லுங்கால் மகளிரை உடனழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியப் பொருளதிகாரம் குறிப்பிடுகிறது. அக்காலத்தில் வழக்கம் தடுத்தது. நம் காலத்தில் ஊதிய வரம்பு தடுக்கிறது. அரபு நாடுகளில் குறிப்பிட்ட தொகைக்குக் குறைவாக ஊதியம் பெறுவோர் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள இசைவு பெறுவதில்லை. ஆகவே வளைகுடாவில் வாழ்ந்த தமிழருள் மிகப் பெரும்பாலோர் தனியராகவே வாழ்ந்தனர் என்பது மிகையன்று.

அத்தகையோருள் ஒருவராக 1986 முதல் 2014 வரை நாம் ஓமான் நாட்டில் வாழ்ந்தோம். தலைநகர் மஸ்கட்டின் ரூவிப் பகுதியில் எட்டுப் பேர் பகிர்ந்துகொண்ட அறையே நமக்கு முதல் இல்லம். ஓமான், இந்தியர்க்கு முற்றிலும் அயல்நாடு அன்று. 1970 வரை அங்கு வழங்கிய நாணயங்களுள் ரூபாயும் ஒன்று. வளைகுடா நாடுகளுக்கெனவே இந்திய ரிசர்வ் வங்கி 1959இல் தனி ரூபாய்த்தாள் வெளியிட்டதும் உண்டு. இன்றும் அந்நாட்டு ரியாலின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் ‘பைசா’ என்றே பெயர். மத்ரா கடைத்தெருவில் ஒருநாள் மாலை நின்றால் அரபி, பலூச்சி, சுவாகிலி, கச்சி, மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளையும் கேட்கலாம். முதன்முறை அத்தெருவில் நடந்தபோது, இது நாம் அறியாத உலகமன்று என்னும் எண்ணமே நமக்கு உண்டாயிற்று.

ஆயினும் அறையில் வாழ்ந்தோர்க்கு ஓமான் என்பது வேலைத்தலமும் கட்டிலும் பணம் அனுப்பும் வங்கியுமாகவே இருந்தது. இரண்டாண்டுக்கு ஒருமுறை கிட்டும் விடுப்பே காலக்கணக்கு. “மூன்றாவது விடுப்பில் பெண்ணுக்குத் திருமணம், நான்காவது விடுப்பில் வீட்டுக்கு மாடி” என்று எண்ணுவர். கடிதம் வர ஒரு திங்கள் கடக்கும். பேச்சை ஒலிநாடாவில் பதிந்து, ஊர் செல்வோரிடம் கொடுத்தனுப்புவர். தாய் இறந்த செய்தி தந்தியாக வரும்; அது வந்து சேர்வதற்குள் அடக்கமும் முடிந்திருக்கும். இத்தகைய வாழ்வில் ஊர் சுற்றிப் பார்ப்பது வீண்செலவாகவே கருதப்பட்டது. இருபத்தைந்து ஆண்டு அங்கு உழைத்து, தம் கடைத்தெருவுக்கு அப்பால் ஓர் ஊரையும் காணாது திரும்பியோர் பலரை நாம் அறிவோம். அவர்களைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. பேருந்துக் கட்டணத்தை மிச்சப்படுத்தித்தான் அவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர்.

இவர்களுக்கிடையே வேறுபட்டு விளங்கியவர் நம் அறையின் மூத்தவர். இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்து, தையல் தொழில் கற்று, 1979இல் ஓமான் வந்தவர். அனைவர்க்கும் அவர் ‘அண்ணன்’. ஐந்தாம் வகுப்புக்குமேல் படித்தவரல்லர். ஆயினும், “உண்ட வீட்டைச் சுற்றிப் பார்க்காமல் போகிறவன் விருந்தாளியல்லன்” என்பார். அவருடைய தூண்டுதலாலேயே வெள்ளிக்கிழமைகளில் நாம் பயணம் செய்யத் தொடங்கினோம்.

1991இல் ஒரு வெள்ளியன்று மஸ்கட்டிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிஸ்வாவுக்குச் சென்றோம். பதினேழாம் நூற்றாண்டில் இமாம் சுல்தான் பின் சைப் எழுப்பிய வட்டக் கோட்டையும், வெள்ளிதோறும் கூடும் ஆட்டுச் சந்தையும் அவ்வூரின் சிறப்புகள். அண்ணன் கோட்டையில் நெடுநேரம் நிற்கவில்லை. பேரீச்சந் தோப்பினூடே ஓடிய வாய்க்காலின் கரையில் அமர்ந்துவிட்டார். அது ‘பலஜ்’ எனப்படும் நீர்வழி. மலையடிவாரத்தில் தாய்க்கிணறு தோண்டி, அங்கிருந்து நிலத்தடியே சுரங்கம் குடைந்து, சரிவின் ஆற்றலாலேயே நீரை ஊருக்குக் கொணரும் ஏற்பாடு. எந்திரம் எதுவும் இல்லை. நீர் முதலிற் குடிப்பதற்கு, அடுத்துப் பள்ளிவாசலுக்கும் குளிப்பதற்கும், பின்னரே தோப்புகளுக்கு. வயலுக்குரிய பங்கு நாழிகைக் கணக்கில் அளக்கப்படுகிறது. ஏறக்குறைய அரைமணி நேரம் ஒரு ‘அதர்’. பகலில் நிழற்கோலைக் கொண்டும், இரவில் விண்மீன்களைக் கொண்டும் அதனைக் கணித்தனர். இத்தகைய நீர்வழிகளுள் ஐந்தனை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது.

அங்கிருந்த முதியவர் ஒருவர் நீர்மடையை அடைத்துத் திறப்பதைக் கண்ட அண்ணன், “இவர் எங்கள் ஊர் நீர்பாய்ச்சி அல்லவா?” என்றார். அவருடைய ஊர்க் கண்மாயில் எந்த வயலுக்கு எப்போது நீர் விடுவது என்று முறைவைப்பவர் நீர்பாய்ச்சி. தமக்குத் தெரிந்த கடையரபியில் அண்ணன் அதனை விளக்க, முதியவர் அவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று மடைகள் அனைத்தையும் காட்டி, பேரீச்சையும் காவாவும் தந்தார். அதுவரை அந்நாட்டில் அண்ணனுக்கு அளவு கொடுத்தோரும் கூலி கொடுத்தோரும் உண்டு. சமமான தொழிலறிவு உடையவராக அவரை மதித்துப் பேசிய முதல் ஓமானியர் அம்முதியவரே என்று அவர் பலமுறை கூறக் கேட்டிருக்கிறோம்.

2004ஆம் ஆண்டு ஆகஸ்டில் தெற்கேயுள்ள சலாலாவுக்குச் சென்றோம். பாலைவழியே ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். பேருந்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல். அரபு நாட்டின் பெரும்பகுதி அனலில் வேகும் அப்பருவத்தில், சலாலாவின் மலைகளில் ‘கரீப்’ எனப்படும் தென்மேற்குப் பருவச்சாரல் பெய்து பசுமை விரிந்திருந்தது. தென்னையும் வாழையும் வெற்றிலையும் சாலையோர இளநீர்க் கடைகளும் கண்டு அண்ணன் குழந்தைபோல் மகிழ்ந்தார். பதினான்காம் நூற்றாண்டில் இவ்வூர்ப் பகுதிக்கு வந்த இப்னு பதூதாவும், தென்னையையும் வெற்றிலையையும் கண்டு இந்தியாவோடு இதற்குள்ள ஒப்புமையை வியந்தார். இங்குள்ளோர் கால்நடைகளுக்கு மத்தி மீனைத் தீனியாக இடுவதையும், இங்கிருந்து இந்தியாவுக்குக் குதிரைகள் ஏற்றப்படுவதையும் எழுதி வைத்தார். அவரே பின்னர் மதுரைச் சுல்தானின் நாட்டுக்கும் வந்தவர் என்பது ஈண்டு நினைவுகூரத் தகும். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுவதைப் படித்தவர்க்கு இச்செய்தியின் அருமை விளங்கும்.

சலாலாவுக்குக் கிழக்கே, கோர் ரோரி என்னும் உப்பங்கழியின் கரையில், சும்ஹுரம் என்ற பழந்துறைமுகத்தின் இடிபாடுகள் உள்ளன. குந்துருக்கம் ஏற்றுமதியான ஊர் அது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிபுளூஸ்’ என்னும் கிரேக்க நூல், தமிழகக் கரையிலிருந்து காலந்தாழ்ந்து திரும்பும் கலங்கள் ‘மோஸ்கா’ என்ற துறையில் தங்கி, துணியும் கோதுமையும் எள்ளெண்ணெயும் கொடுத்துக் குந்துருக்கம் பெற்றதைக் கூறுகிறது. அம்மோஸ்கா இவ்வூரே என ஆய்வாளர் பலர் கருதுவர். நாம் சென்ற காலத்தில் இத்தாலிய நாட்டுப் பீசா பல்கலைக்கழகத்தார் அங்கு அகழ்ந்துகொண்டிருந்தனர். மணற்றிட்டு அடைத்துக் கிடந்த கழிமுகத்தை நோக்கி நின்ற அண்ணன், “நம்மவர்கள் இங்கு வந்திருப்பார்கள், தம்பி. வந்தவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்?” என்றார்.

2007 ஜூனில் கோனு புயல் ஓமானைத் தாக்கியது. மழையையே அரிதாகக் காணும் மஸ்கட்டின் வறண்ட ஓடைகள் ஒரே இரவில் பேராறுகளாயின. தாழ்வான பகுதியில் இருந்த நம் அறைக்குள்ளும் நீர் புகுந்தது. உயிர்ச்சேதம் இன்றி இறைவன் காத்தான். ஆனால் அண்ணனின் கட்டிலுக்கடியில் இருந்த தகரப்பெட்டி சேற்றில் மூழ்கியது. ஏறத்தாழ முப்பதாண்டுக் கடிதங்கள், அவர் போன ஊர்களைப் பற்றிக் கொச்சைத் தமிழில் எழுதி வைத்த குறிப்பேடு, ஒலிநாடாக்கள் யாவும் கூழாயின. தையல் எந்திரம் பழுதானதற்கு அவர் வருந்தவில்லை. அக்குறிப்பேட்டின் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மூன்று நாள் வெயிலில் உலர்த்தினார். ஒரு வரியும் மீளவில்லை. 2009இல் அவர் ஊர் திரும்பினார். 2011இல் இறையடி சேர்ந்தார்.

அதற்கு மறு ஆண்டு, 2012இல், செய்தித்தாளில் ஒரு செய்தி கண்டோம். கோர் ரோரியில் 2006ஆம் ஆண்டு அகழ்வில் கிடைத்த மட்கல ஓடொன்றில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் இருப்பது கண்டறியப்பட்டது என்றும், கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதனை ‘ணந்தை கீரன்’ எனப் படித்து, கி.பி. முதல் நூற்றாண்டினது எனக் கணித்தார் என்றும் அச்செய்தி கூறியது. கீரன் என்பது சங்கப் புலவர் பலர்க்கும் அமைந்த பெயர். அண்ணன் அங்கு நின்று வினவிய நாளில் அவ்வினாவுக்கு விடை மண்ணுக்குள் இருந்தது. அது வெளிவந்த செய்தியைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

2014இல் தாயகம் திரும்பியதும் அண்ணனின் இல்லம் சென்றோம். பொறியியல் பட்டம் பெற்ற அவர் மகன் நம்மை வரவேற்று, வங்கிச் சீட்டுகள் அடங்கிய ஒரு கோப்பினைக் காட்டினார். எந்த மாதம் எத்தனை ரூபாய் வந்தது என்பது ஒன்று விடாமல் அதில் இருந்தது. பின்னர், “அத்தா அங்கே என்னென்ன பார்த்தார்கள், மாமா? எங்களிடம் ஒன்றும் சொன்னதில்லையே” என்றார். நிஸ்வாவின் வாய்க்காலையும் சலாலாவின் வெற்றிலைத் தோட்டத்தையும் சொல்லி முடிக்க இரவாயிற்று. நாம் உடன் சென்ற இடங்களை மட்டுமே நம்மால் சொல்ல முடிந்தது. தந்தை அனுப்பிய பணத்தைப் பைசா வரை அறிந்த மகனுக்குத் தந்தை வாழ்ந்த வாழ்வு தெரியவில்லை. இது ஒரு வீட்டின் நிலை மட்டுமன்று.

மெடான் நகரில் வேலைபார்த்துத் திரும்பிய ப. சிங்காரம் நாவல் எழுதியிராவிடில், உலகப்போர்க் காலத்துக் கீழைக்கடல் நாடுகளில் வாழ்ந்த தமிழரைப் பற்றித் தமிழிலக்கியம் அறிந்தது மிகக் குறைவாகவே இருந்திருக்கும். வளைகுடாவில் அரை நூற்றாண்டாக உழைத்த நம்மவரின் தொகையை நோக்க, அவர்களைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சிலவே.

தமிழ் பயிலும் மாணவச் செல்வங்களே! உங்களுள் பலருடைய தந்தையரும் பாட்டன்மாரும் சபராளிகளே. இவ்விடுமுறையில் அவர்களருகே அமர்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு, எவ்வழியே சென்றார்கள்? முதலிரவு எங்கே உறங்கினார்கள்? முதன்முதற் கற்ற அயற்சொல் யாது? அவ்வூரார் யார் உதவினர், யார் ஏமாற்றினர்? எந்தெந்த ஊர்களைக் கண்டார்கள்? பாட்டிமாரையும் விட்டுவிடாதீர்கள், காத்திருந்த ஆண்டுகளின் கணக்கு அவர்களிடமே உள்ளது. அவர்கள் பேசும் பேச்சை அப்படியே பதிந்து, ஊரும் ஆண்டும் குறித்து எழுதுங்கள். தமிழ்த்துறை அவற்றைத் தொகுத்து நூலகத்தில் வைக்குமாயின், அதனினும் சிறந்த ஆய்வேடு வேறொன்று இராது.

கீரன் தன் பெயரைத் தானே ஓட்டில் பொறித்துச் சென்றான். நம் தந்தையர்க்கோ அதற்கு ஓய்வில்லாமற் போயிற்று. அவர்கள் ஈட்டிய பொருளால் எழுதக் கற்ற பிள்ளைகள் நீங்கள் இருக்கிறீர்கள்.