நான்காவது சிலிண்டர்



அமானிதம் என்னும் பாடத்தை மத்ரஸாவில் இருபது ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். அந்தப் பாடத்தில் நாமே தடுமாறிய ஓர் இரவு உண்டு. அது நடந்தது நமது வீட்டுக் கார் கொட்டகையில். அன்று ஆசிரியராக நின்றவர் நம் மூத்த மகன். பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்குப் பயன்படும் என்ற நிய்யத்தில் அதனை இங்கே எழுதுகிறோம்.

நமது தந்தையார் மர்ஹூமாகி ஆண்டுகள் பல கடந்தன. அவர் விட்டுச் சென்றவற்றுள் 1972 ஆம் ஆண்டு அம்பாசிடர் கார் ஒன்று. அக்காலத்தில் கோவையில் நமது தெருவில் இருந்த ஒரே கார் அதுதான். நிகாஹ் வீட்டுக்கும் ஜனாஸா வீட்டுக்கும் அது சென்றது. நள்ளிரவில் பிரசவ வலி கண்ட அண்டை வீட்டுப் பெண்களை, மதம் பாராமல், மருத்துவமனைக்குச் சுமந்தது. தந்தையாருக்குப் பின் அது கொட்டகையில் தூசு படிந்து நின்றது. விற்கவும் மனம் வரவில்லை, ஓட்டவும் நேரம் வாய்க்கவில்லை.

மகன் ஹிஃப்ள் வகுப்பில் 11 ஜுஸ்உ வரை ஓதி, பின்னர் நிறுத்திக்கொண்டார். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் சேர்ந்தார். ஆலிமின் மகன் பாதியில் நிறுத்தினார் என்ற பேச்சு நம் காதில் விழுந்ததைவிட நம் நெஞ்சில்தான் அதிகம் ஒலித்தது. நாம் திட்டவில்லை, அவரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆயினும் இரண்டு ஆண்டுகள் எங்கள் உரையாடல் "சாப்பிட்டாயா?", "தொழுதாயா?" என்ற இரண்டு கேள்விகளுக்குள் சுருங்கிவிட்டது.

ஒரு நாள் இரவு உணவுக்குப் பின் அவர் கேட்டார்: "அத்தா, தாத்தாவின் காருக்கு டர்போ வைத்து ஓர் எஞ்சின் கட்டட்டுமா?"

நமக்கு முதலில் தோன்றிய சொல் 'இஸ்ராஃப்'. வீண்விரயம் என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட எளிதாக முடிந்திருக்கும். இரண்டு ஆண்டுகளில் அவர் நம்மிடம் கேட்ட முதல் நீண்ட கேள்வி அது என்பதால், "டர்போ என்றால் என்ன?" என்று கேட்டுவைத்தோம்.

அவர் ஒரு தாளில் வரைந்து விளக்கினார். எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் எரிந்து, அந்தப் புகை குழாய் வழியே வெளியேறுகிறது. அதில் இன்னும் வெப்பமும் வேகமும் மிச்சமிருக்கின்றன. அந்தப் புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழலவிட்டால், அதே அச்சின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும். காற்று கூடினால் அதற்கேற்ப எரிபொருளும் கூடும், விசையும் கூடும். அந்த அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905 இல் இதற்குக் காப்புரிமை கோரினார் என்றும் சொன்னார். வீணாய்ப் போவதைப் பயனுக்குக் கொண்டுவரும் கருவியை இஸ்ராஃப் என்று சொல்லவந்த நாம் சற்றே வாயடைத்துப் போனோம்.

நம் பங்குக்கு நாமும் ஒன்றைச் சொன்னோம். தியார்பக்கிரில் அர்துகித் அரசவையில் பணியாற்றிய அல்ஜஸரி, 1206 இல் முடித்த தமது நூலில், இரண்டு உருளைகளுக்குள் பிஸ்டன்கள் மாறி மாறி இயங்கித் தண்ணீர் இறைக்கும் பொறியை வரைந்து விளக்கியிருக்கிறார். மகன் அந்தப் படத்தைத் தேடியெடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெள்ளிக்கிழமை பிற்பகல்கள் எங்கள் இருவருக்கும் உரியவை ஆயின.

நாம் இரண்டு நிபந்தனைகள் விதித்தோம். முதலாவது, தாத்தாவின் காரில் கை வைக்கக் கூடாது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 50 ஆண்டு கடந்த கார்களுக்கு 2021 இல் வகுக்கப்பட்ட பழம்பெரும் வாகன விதிகளும், கார் தன் மூல உருவில் இருக்கவேண்டும் என்கின்றன. இரண்டாவது, கடன் வாங்கக் கூடாது. மகன் மாலை வேளைகளில் ஒரு பட்டறையில் வேலை செய்து சேர்த்த பணத்தில், பழைய இரும்புக் கடையிலிருந்து அதே வகை எஞ்சின் ஒன்றை வாங்கிவந்தார். வீட்டில் இரும்புச் சட்டம் செய்து அதன்மேல் நிறுத்தினோம். பதிவு நீக்கப்பட்ட பழைய அம்பாசிடர் கூடு கிடைத்தால் அதில் பொருத்தி, லாரியில் ஏற்றிச் சென்று, செட்டிப்பாளையம் பந்தயத் திடலில் மட்டும் ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது என்பது திட்டம்.

அது 1489 சிசி கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழி வந்தது. குறைந்த தரப் பெட்ரோலுக்காக அமைக்கப்பட்டதால் அதன் அமுக்க விகிதம் குறைவு. டர்போவுக்கு அது ஓர் அனுகூலம். ஆனால் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகள் மூன்றே. அதன்மீது எவ்வளவு சுமையும் ஏற்றலாம் என்று நினைப்பது அநியாயம். ஆகவே காற்றழுத்தத்தை 0.3 பார் அளவோடு நிறுத்திக்கொள்ள மகன் முடிவு செய்தார். "அதற்கு மேல் கேட்டால் எஞ்சின் கொடுக்கும் அத்தா, ஆனால் கொஞ்ச நாள்தான் கொடுக்கும்" என்றார். ஸூரத்துர் ரஹ்மானின் தொடக்க வசனங்களில் 'மீஸான்' என்ற சொல் மூன்று முறை வருவதை நாம் நினைத்துக்கொண்டோம்.

எங்கே தவறலாம் என்பதையும் அவர் முன்கூட்டியே படித்திருந்தார். அழுத்திய காற்று கார்புரேட்டருக்குள் வரும்போது, பெட்ரோலின் அழுத்தம் அதைவிடக் கூடுதலாக இல்லாவிட்டால் பெட்ரோல் வந்து சேராது. மிக அதிகம் தேவைப்படும் நேரத்தில் எரிபொருள் குறைந்து, வெப்பம் மிகுந்து, பிஸ்டனே உருகும். தீப்பொறி விழும் நேரத்தையும் அழுத்தத்துக்கேற்பப் பின்தள்ளவேண்டும். இல்லையேல் எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து எஞ்சின் தட்டும். இந்தத் தட்டலைத் தடுக்க, 1962 இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் வைத்தார்கள். உரிமையாளர் பலர் அதை நிரப்ப மறந்தார்கள். கடைசியில் நிறுவனமே டர்போவைக் கழற்றிச் சாதாரணக் கார்புரேட்டர் மாட்டித் தர முன்வந்தது. அறிவு இருந்தும் கவனம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது போதும்.

மாதங்கள் சென்றன. சிலிண்டர்களை லேத் பட்டறையில் கடைந்தோம். கனெக்டிங் ராடுகளில் விரிசல் இல்லை என்பதைச் சோதித்தோம். டர்போவுக்கான மேனிஃபோல்டை மகனே இரும்புக் குழாய்களை வெட்டிப் பற்றவைத்துச் செய்தார். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சிறிது சிறிதாக, டார்க் ரெஞ்ச் கொண்டு முடுக்கும் வேலை நமக்குத் தரப்பட்டது. ஒரே மூச்சில் முடுக்கப்போன நம் கையை அவர் மெல்லப் பிடித்து நிறுத்தியது நினைவில் நிற்கிறது. முன்பு குர்ஆன் வகுப்பில் மத்துடைய எழுத்தை அவசரமாகக் கடந்தால் நாம் அவரை நிறுத்துவோம்.

எஞ்சின் தயாரானதும் நாம் செய்த முதல் தவறு, ஊரைக் கூட்டியது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் முதன்முதலாக இயக்கப் போகிறோம் என்று உறவினரையும், மத்ரஸா மாணவர் சிலரின் தந்தையரையும் அழைத்துவிட்டோம். ஹிஃப்ளை நிறுத்திய மகனைப் பற்றிப் பேசியவர்கள், இப்போது அவர் கட்டிய எஞ்சினைப் பார்க்கட்டும் என்ற எண்ணம் உள்ளுக்குள் இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை.

வியாழன் இரவு, இஷாவுக்குப் பின் மகன் நம்மிடம் வந்து அமர்ந்தார். முகம் சரியாக இல்லை.

"அத்தா, நான்காவது சிலிண்டரில் ரிங் இடைவெளியைப் பார்த்தேனா என்று நினைவு வரவில்லை. நோட்டில் மூன்றுக்குத்தான் எழுதியிருக்கிறேன்."

பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் முழு வளையம் அன்று. ஓரிடத்தில் வெட்டு இருக்கும். சூடேறும்போது அது விரியும். அந்த வெட்டில் போதிய இடைவெளி இல்லையென்றால் முனைகள் முட்டிக்கொண்டு, சிலிண்டர் சுவரைக் கீறும், பிஸ்டனையும் உடைக்கும். டர்போ எஞ்சினில் வெப்பம் அதிகம் என்பதால் இடைவெளியும் அதிகம் வேண்டும். மகன் வைத்த கணக்கு 0.40 மில்லிமீட்டர்; எழுதும் தாள்கள் நான்கை அடுக்கினால் வரும் தடிமன். ஒவ்வொரு மேல் ரிங்கையும் சிலிண்டருக்குள் வைத்து, ஃபீலர் கேஜால் அளந்து, கையால் அராவி அந்த அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். நான்காவதைச் செய்தாரா என்பதுதான் தெரியவில்லை. பார்க்கவேண்டுமானால் எண்ணெய்த் தொட்டியையும் ஹெட்டையும் கழற்றவேண்டும். புதிய கேஸ்கெட் வாங்கவேண்டும். நாளை பிற்பகல் விருந்தினர் வருகிறார்கள்.

நாம் சொன்னோம்: "நாளை ஐந்து நிமிடம் மட்டும் ஓட்டுவோம். சுமை இல்லாமல் ஓடும்போது டர்போ அழுத்தம் தராது என்று நீதானே சொன்னாய்? எல்லாரும் பார்த்துவிட்டுப் போகட்டும். பிறகு திறந்து பார்."

இது நியாயமான வாதம்தான். எஞ்சின் நூலின்படி பார்த்தாலும் பெரிய பிழை இல்லை. மகன் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"ஐந்து நிமிடத்தில் ஒன்றும் ஆகாது என்பது எனக்கும் தெரியும் அத்தா. ஆனால் ஒரு முறை நன்றாக ஓடிவிட்டால், அதன் பிறகு நான் திறக்கமாட்டேன். என்னை எனக்குத் தெரியும்."

நாம் விடை சொல்ல முடியாமல் அமர்ந்திருந்தோம். தன் நஃப்ஸை இவ்வளவு துல்லியமாக அளந்து சொன்ன ஒரு மாணவரை நமது வகுப்பில் நாம் கண்டதில்லை. மனிதர் கண்ணுக்கு மறைவானதை அல்லாஹ் அறிகிறான் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிற நாம், விருந்தினரின் கண்களுக்காக அந்த மறைவை மூடிவைக்கச் சொல்லியிருக்கிறோம். அவரோ அதைத் திறக்க அனுமதி கேட்டு நின்றார்.

ஃபஜ்ருக்குப் பின் இருவரும் சேர்ந்து கழற்றினோம். தொட்டியில் இருந்த புதிய எண்ணெயை வடித்தோம். ஹெட்டைத் தூக்கினோம். நான்காவது பிஸ்டனை மேலே எடுத்து, ரிங்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் வைத்து, மகன் ஃபீலர் கேஜை நுழைத்தார். 0.40 தகடு சரியாக வழுக்கிச் சென்றது; அடுத்த தகடு நுழையவில்லை. வேலை முன்பே சரியாகத்தான் செய்யப்பட்டிருந்தது. நோட்டில் எழுதத்தான் மறந்திருந்தார்.

"வீணாகக் கழற்றிவிட்டோமோ?" என்று நம் வாய் தவறிக் கேட்டுவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே நோட்டை எடுத்து நான்காவது வரியை எழுதினார். "இப்போது தெரியும் அத்தா" என்றார்.

அளவு சரியாக இருந்ததால் நாம் முந்தைய இரவு சொன்ன ஆலோசனை சரியாகிவிடவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் கடந்து செல்லச் சொன்னோம். விளைவு நன்றாக அமைந்தது அல்லாஹ்வின் அருள். அதில் நமக்குப் பங்கில்லை.

ஜும்ஆவுக்குப் பின் வந்தவர்கள் கண்டது திறந்து கிடந்த எஞ்சினையும், கறுத்த கைகளையும். ஏன் என்று கேட்டார்கள். நடந்ததை, நமது பங்கையும் சேர்த்துச் சொன்னோம். சிலர் சிரித்தார்கள். ஒரு மாணவரின் தந்தை மட்டும் அருகில் வந்து, அந்த ஃபீலர் கேஜைக் கையில் வாங்கித் தகடுகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். தம் மகனை வாரம் ஒரு நாள் இங்கே அனுப்பலாமா என்று கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து, கூட்டம் ஏதுமின்றி எஞ்சினை இயக்கினோம். தீயணைப்பான் அருகில் இருந்தது. முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தம் ஏறும்வரை சுழலவிட்டோம். பிறகு பிளக்குகளை மாட்டி மகன் ஸ்டார்ட்டரை அழுத்த, நாம் பிஸ்மில்லாஹ் சொன்னோம். அது இருமி, தயங்கி, பின்னர் நான்கு சிலிண்டரும் ஒன்றுபோல் பிடித்துக்கொண்டன. ஓசைக்கு அடியில் மெல்லிய சீழ்க்கைபோல் டர்போ ஒலித்தது. அல்ஹம்துலில்லாஹ். நிறுத்துமுன் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டோம். டர்போவின் அச்சு சூடு தணியும்வரை எண்ணெய் ஓடவேண்டும் என்பது மகனின் ஒழுங்கு.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் கொட்டகையில் மூன்று சிறுவர்கள் வந்து வேலை கற்கிறார்கள். வேலை முடிந்து கை கழுவியபின், மகன் அவர்களோடு அமர்ந்து ஓதுகிறார். 12 ஆம் ஜுஸ்உவைத் தொடங்கியிருக்கிறார் என்று அவர்களிடமிருந்தே நமக்குத் தெரியவந்தது. நாம் கேட்கவில்லை, அவரும் இன்னும் சொல்லவில்லை. சொல்லும்வரை காத்திருப்போம்.

மறைவிலும் நேர்மையாக நிற்கும் பிள்ளைகளை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக; அவர்கள் நேர்மையாக நிற்கும்போது அவசரப்படுத்தாத பெற்றோராக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.